பரிகாரியின் கொப்பியும் கிளினிக் கொப்பியும்

1998ஆம் ஆண்டின் இறுதியில் வந்த நோன்பு அது. புத்தளத்தில் நாங்கள் இருந்த முகாமின் கிடுகுக் குடிலில், அஸர் தொழுகைக்கு எழும்பிய உம்மா அப்படியே சரிந்து விழுந்தார். உடல் வியர்த்துக் கொட்டியது, பேச்சுக் குழறியது. பக்கத்துக் குடிலிலிருந்து ஓடிவந்த மாமி, நோன்பைப் பற்றி யோசிக்காமல் சீனி கரைத்த தண்ணீரை வாயில் ஊற்றினார். அதுதான் உம்மாவைக் காப்பாற்றியது என்று பிறகு வைத்தியசாலையில் சொன்னார்கள். இரத்தத்தில் சீனி அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது.

“வேறு என்ன மருந்து எடுக்கிறீங்க அம்மா?” என்று டொக்டர் கேட்டார்.

“ஒண்டும் இல்ல டொக்டர். கிளினிக்கில தந்த குளிசை மட்டும்தான்.”

பொய் சொல்லும் பழக்கம் உம்மாவுக்கு இல்லை. ஸஹருக்கு எழும்பியதும் கிளிபென்கிளமைட் குளிசையோடு ஒரு கோப்பை பாவற்காய்ச் சாறும் குடித்திருந்தார். அதற்கு முதல்நாள் இரவு, சிங்களத்தில் கொத்தலஹிம்புட்டு என்று சொல்லும் மரத்தில் கடைந்த குவளையில் ஊறிய தண்ணீரும் குடித்திருந்தார். இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டபோது, “பாவக்கா மருந்தா மகன்? அது கறிக்காய்தானே” என்றார்.

இந்தக் கறிக்காய் விவகாரம் எங்கள் முகாமுக்குள் மட்டும் நடந்ததல்ல. 1979ஆம் ஆண்டிலேயே ‘லான்செட்’ மருத்துவ இதழில் அஸ்லம், ஸ்டொக்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார்கள். குளோர்புரோப்பமைட் என்ற நீரிழிவுக் குளிசை எடுத்துவந்த தென்னாசியப் பெண்ணொருவரின் சீனி எதிர்பாராத விதமாகக் குறைந்திருந்தது. விசாரித்துப் பார்த்தபோது அவர் உண்ட பாவற்காய்க் கறியும் குளிசையும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்திருப்பது தெரியவந்தது. அந்தக் குறிப்பு இன்றும் மருந்தியல் நூல்களில் எடுத்தாளப்படுகிறது. முகாமில் அதை யாரும் படித்திருக்கவில்லை. படித்திருந்தாலும் உம்மா கறிக்காயை மருந்துப் பட்டியலில் சேர்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

இதில் வருத்தமான செய்தி ஒன்று உண்டு. உம்மா ஒரு பரிகாரியின் மகள். முல்லைத்தீவு மாவட்டத்தின் நீராவிப்பிட்டியில் என் மூத்தாப்பா நாட்டு வைத்தியம் செய்தவர். கசாயம் குடிக்கும் ஒருவர் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது, எந்த மருந்தோடு எதைச் சேர்க்கக்கூடாது என்று சொல்வதிலேயே அவருடைய வைத்தியத்தின் பாதி அடங்கியிருந்தது. அதன் பெயர் பத்தியம். அந்த மனிதரின் மகளுக்கே மருந்தும் பத்தியமும் பிரிந்துபோனது எப்படி? வன்னியின் வைத்திய வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால்தான் அது விளங்கும்.

வன்னிக்கு இரு பக்கமிருந்தும் மருத்துவம் வந்து சேர்ந்தது. ஒன்று, யாழ்ப்பாண இராச்சியத்து மன்னர்களின் பெயரைத் தாங்கிய ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ என்ற செய்யுள் நூல்களின் வழி. நெடுங்காலம் ஏட்டில் கிடந்த இவற்றை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை 1930களை ஒட்டிய ஆண்டுகளில் அச்சில் கொண்டுவந்தார். மற்றது, அரபு வணிகரோடும் தென்னிந்தியக் கரையோடும் வந்த யூனானி வழி. கண்டி மன்னர்களின் அரண்மனையில் கோபால முதலியார் பரம்பரையினரான முஸ்லிம்கள் வைத்தியம் பார்த்ததை லோர்னா தேவராஜா தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வன்னிக் கிராமங்களில் அரண்மனையும் இல்லை, பட்டயமும் இல்லை. எனினும் மூத்தாப்பாவின் கொப்பியில் இந்த இரு வழியும் கலந்திருந்தன. ஒரு பக்கத்தில் தமிழில் திரிகடுகச் சூரணம். மறுபக்கத்தில் அரபுத் தமிழ் எழுத்தில் கருஞ்சீரகமும் சூரத்து நிலாவாரையும். எது சித்தம், எது யூனானி என்று அவரிடம் கேட்டவர்கள் இருக்கவில்லை.

இரு மருத்துவமும் ஒரு விடயத்தில் ஒத்துப்போயின. மருந்து தனியாக வேலை செய்வதில்லை, கூட இருப்பது அதை மாற்றும் என்பதே அது. சித்த வைத்தியர் இதை அனுபானம் என்றார். ஒரே சூரணத்தைத் தேனில் கொடுத்தால் ஒரு பலன், வெந்நீரில் கொடுத்தால் வேறு பலன். யூனானி ஹகீம்கள் ஒவ்வொரு மூலிகைக்கும் ஒரு ‘முஸ்லிஹ்’ வைத்திருந்தார்கள். மூலிகையின் தீங்கைத் திருத்தும் துணைச் சரக்கு அது. மூலிகை கிடைக்காதபோது பாவிக்கும் மாற்றுச் சரக்கு ‘பதல்’. இப்னு ஸீனா தமது ‘அல்-கானூன்’ இரண்டாம் நூலில், ஒரு மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு நிபந்தனைகள் விதித்தார். மருந்து பிற தன்மைகள் கலவாததாக இருக்கவேண்டும் என்பது அவற்றில் ஒன்று; கூட்டு நோயில் அல்ல, தனி நோயில் சோதிக்கவேண்டும் என்பது இன்னொன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய நிபந்தனைகள்! இரண்டு கலந்தால் எதன் விளைவு எது என்று தெரியாமற்போகும் என்பதை அந்த மேதை அன்றே கண்டிருந்தார். கூட்டு மருந்துகளுக்கென்றே ஐந்தாம் நூலைத் தனியாக ஒதுக்கினார்.

ஆங்கில மருந்து வன்னிக்கு மெதுவாகத்தான் வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களைத் தமிழாக்கினார். 1873இல் அவர் திரும்பிச் சென்றபோது வன்னிக் காடுகளில் காய்ச்சலும் பறங்கி நோயும்தான் ஆட்சி செய்துகொண்டிருந்தன. அரசாங்கத்தின் தலைமை வைத்திய அதிகாரி கின்சி 1881இல் பறங்கி நோய் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். 1895இல் வெளியான ஜே.பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கையேட்டிலும் அந்த நோயின் நிழல் விழுந்திருக்கிறது. காய்ச்சலுக்கு வந்த கொய்னா என்ன? அதுவும் ஒரு மரப்பட்டைதான். தென்னமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனாவை 1861இல் ஹக்கலையில் நட்டார்கள்.

ஆங்கில மருந்து ஒரு பக்கம், நாட்டு மருந்து மறுபக்கம் என்று கோடு கீறுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தரிக்கவேண்டும். உம்மாவுக்குக் கிளினிக்கில் பின்னர் கொடுத்த மெற்போமின், ஐரோப்பாவின் கலேகா என்ற செடியில் தொடங்கிய ஆராய்ச்சியின் பிள்ளை. 1957இல் பிரெஞ்சு வைத்தியர் ழான் ஸ்டேர்ன் அதை நீரிழிவுக்குக் கொண்டுவந்தார். சர்ப்பகந்தியின் கதை இன்னும் எமக்கு நெருக்கமானது. டெல்லி திப்பியாக் கல்லூரியில் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகீ 1931இல் அதன் வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, தமக்கு வழிகாட்டிய ஹகீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்புக்கு அது மருந்தாயிற்று. அதே வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுத்த ரிஸர்பின் இரத்த அழுத்தக் குளிசையாகி உலகமெங்கும் போனது. அப்படியானால் சர்ப்பகந்தி வேரை இடித்துக் குடிப்பவர் பிரஷர் குளிசையையும் விழுங்கினால் என்ன நடக்கும்? அவர் பிரஷருக்கு இரண்டு மருந்து எடுக்கிறார். அதில் ஒன்றின் அளவு யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் விடயம்.

உம்மாவுக்கு நடந்ததும் இதுவே. கிளிபென்கிளமைட் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும். பாவற்காயும் சீனியைக் குறைக்கும். கொத்தலஹிம்புட்டு வேறு விதமாக வேலை செய்யும். மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியைக் குடலிலேயே தடுத்துவிடும். அதற்குக் காரணமான ஸலசினோல் என்ற பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் பிரித்தெடுத்தார்கள். இலங்கையில் நீரிழிவு நோயாளரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றிலும் அதன் தேநீர் சீனியைக் குறைப்பதாகவே கண்டார்கள். ஆகவே, நாட்டு மருந்தில் ஒன்றுமில்லை என்று கைகழுவுபவர்களும் பிழை, இயற்கை மருந்து ஒன்றும் செய்யாது என்று தைரியம் சொல்பவர்களும் பிழை. அது செய்கிறது, அதனால்தான் ஆபத்து. மூன்று வழியாலும் சீனி இறங்கிக்கொண்டிருந்த உடலில், நோன்பின் பத்தாவது மணித்தியாலத்தில் இறங்குவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

இன்னொரு வகை இதைவிட மறைவானது. முன்னர் ஓமந்தையில் இருந்த சோதனைச் சாவடியைக் கண்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது இலேசு. நாம் விழுங்கும் குளிசை முழுதாக இரத்தத்துக்குப் போய்ச் சேருவதில்லை. குடலிலும் ஈரலிலும் சில நொதிகள் சாவடி போட்டு நிற்கின்றன. வருவதில் ஒரு பகுதியை உடைத்துத் தள்ளிவிட்டு மீதியைத்தான் விடுகின்றன. டொக்டர் எழுதும் அளவு இந்த இழப்பையும் கணக்கில் எடுத்த அளவு. சில மூலிகைகள் சாவடியை மூடிவிடுகின்றன. அப்போது ஒரு குளிசை விழுங்கினாலும் இரண்டு மூன்று விழுங்கியது போலாகும். சில மூலிகைகள் சாவடிக்கு மேலதிக ஆட்களை அனுப்புகின்றன. அப்போது குளிசை விழுங்கியும் விழுங்காத கதைதான்.

முதலாவது தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. 1989இல் கனடாவில் டேவிட் பெய்லியின் குழுவினர் பெலோடிபின் என்ற பிரஷர் மருந்தை மதுவோடு சேர்த்துச் சோதித்தார்கள். மதுவின் சுவை தெரியாமலிருக்கக் கிறேப்புறூட் என்ற பழச்சாற்றைக் கலந்தார்கள். மருந்தின் அளவு இரத்தத்தில் பலமடங்கு கூடியதற்கு மது அல்ல, பழச்சாறே காரணம் என்று பின்னர் கண்டார்கள். இரண்டாவது, 2000ஆம் ஆண்டில் வெளியானது. மனச்சோர்வுக்கு ஐரோப்பியர் குடிக்கும் சென் ஜோன்ஸ் வேட் என்ற மூலிகையை எடுத்த இருவர், சூரிச் நகரில் மாற்று இதயம் பொருத்தியவர்கள். உடல் அந்த இதயத்தை நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு மூலிகையால் விழுந்துபோய், இதயத்தை உடல் எதிர்க்கத் தொடங்கிவிட்டது.

எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் இந்தச் சாவடியைத் திறந்தும் மூடியும் விளையாடுவது மிளகும் திப்பிலியும். ஜம்முவில் சி.கே. அட்டல் என்ற விஞ்ஞானி, ஆயுர்வேத யோகங்களில் திரிகடுகம் ஏன் இத்தனை தடவை வருகிறது என்று யோசித்தார். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் மற்ற மருந்துகளை உடலுக்குள் கூடுதலாகச் செல்லவிடுகிறது என்று 1979இல் எழுதினார். பாவற்காய்க் குறிப்பு வந்த அதே ஆண்டு என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் மஞ்சளின் சாரத்தோடு பைப்பரினைக் கொடுத்தபோது மனிதரின் இரத்தத்துக்குள் சென்ற அளவு இருபது மடங்காயிற்று. பின்னர் இந்தியாவில் காசநோய்க்கு றிபாம்பிசின் அளவைக் குறைத்து 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்த குளிசையும் விற்பனைக்கு வந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோபிலின் ஆகியவற்றின் அளவையும் பைப்பரின் கூட்டுகிறது. இவை சற்றுக் கூடினாலே நஞ்சாகும் மருந்துகள். குழம்பில் போடும் மிளகைப் பற்றி யாரும் பதறவேண்டியதில்லை. நாள்தோறும் கரண்டி கரண்டியாகத் திரிகடுகச் சூரணம் எடுப்பவர், தான் வலிப்புக் குளிசையும் எடுப்பதைப் பரிகாரியிடமும், சூரணம் எடுப்பதை டொக்டரிடமும் சொல்லாதிருப்பதுதான் சிக்கல்.

அதிமதுரத்தையும் விட்டுவிட முடியாது. இருமலுக்கும் தொண்டைக்கும் எங்கள் பாணிகளில் அது இல்லாத பாணி குறைவு. 1946இல் நெதர்லாந்து வைத்தியர் றெவர்ஸ், வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்த நோயாளர் சிலருக்கு உடல் வீங்குவதைக் கண்டார். அது உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, பிரஷரைக் கூட்டும். பிரஷருக்கும் இதயத்துக்கும் நீர் போகும் குளிசையும் டிகொக்சினும் எடுக்கும் ஒருவரிடம் இது போய்ச் சேர்ந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். நிலாவாரையை நாள்தோறும் பேதிக்குக் குடித்தாலும் பொட்டாசியம் அவ்வாறே போகும். மூத்தாப்பா நிலாவாரையை மூன்று நாளுக்கு மேல் யாருக்கும் கொடுக்கமாட்டார் என்று உம்மா சொல்வார். காரணம் அவருக்குத் தெரிந்திருக்காது. கணக்குத் தெரிந்திருந்தது.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்டோர். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் எல்லாம் காலியாகின. வீடு போனது, வயல் போனது, பள்ளிவாசல் போனது என்று எங்கள் எழுத்தாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மருந்து போனதைப் பற்றி எழுதியவர் குறைவு. மூத்தாப்பா அதற்கு ஐந்து வருடம் முன்பே மௌத்தாகிவிட்டார். அவருடைய கொப்பி றங்குப் பெட்டியில் இருந்தது. பெட்டி வீட்டில் நின்றுவிட்டது. புத்தளத்தில் உம்மாவிடம் மிஞ்சியது மூலிகைகளின் பெயர்கள் மட்டும். எதற்கு எது என்பது நினைவில் இருந்தது. எத்தனை நாள், எதோடு கூடாது என்பது கொப்பியோடு போய்விட்டது.

வன்னிக்குள் மிஞ்சிய தமிழ்ச் சகோதரர்களுக்கு வேறு விதமான இழப்பு. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் மருந்துகள் கட்டுப்பாட்டோடுதான் உள்ளே போயின. கிடைத்த குளிசையைப் பாதியாக உடைத்து, மீதிக்கு வேப்பம்பட்டையும் நிலவேம்பும் அவித்துக் குடித்தவர்கள் அவர்கள். 2009இல் யுத்தம் முடிந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டபோது, கிளினிக் குளிசை தாராளமாகக் கிடைத்தது. கசாயப் பழக்கமும் கூட வந்தது. இரண்டையும் தெரிந்த பரிகாரிமாரில் பலர் அப்போது உயிரோடு இல்லை.

இன்று வன்னியில் இந்தக் கேள்வியை அவசரமாக்குவது சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா பக்கங்களில் முதலில் கவனிக்கப்பட்ட, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. தண்ணீர், பீடைநாசினி, வெயிலில் நீரிழந்து வேலை செய்வது என்று பல காரணங்களை ஆராய்கிறார்கள். மூலிகையொன்றின் பெயரும் அந்தப் பட்டியலில் அடிபட்டது. சிங்களத்தில் சப்சந்த என்றும் தமிழில் ஈஸ்வரமூலி, பெருமருந்து என்றும் சொல்லும் கொடி அது. பாம்புக்கடிக்கு வன்னியில் பேர்போனது. அந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டொலோகிக் அமிலம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவதற்குக் குளிசை எடுத்த பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதானது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டொலோகியாக் குடும்பத்து மூலிகை மாறிப்போயிருந்தது. பசியடக்கும் ஆங்கில மருந்துகளும் அதே சிகிச்சையில் சேர்ந்திருந்தன. அவை கேட்டைக் கூட்டியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இந்தச் செடிகள் கலந்த மருந்துகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. வன்னி, அனுராதபுர நோயின் முழுக் காரணத்தையும் இந்தக் கொடியின் தலையில் கட்டுவது சரியல்ல. இந்த அமிலத்தின் அடையாளமான சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் இங்கே அப்படிப் பெருகிக் காணப்படவில்லை. ஆனால் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்துக்கு அதை அவித்துக் கொடுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

நலிந்த சிறுநீரகம் வேறு கணக்குகளையும் குழப்பும். வழமையாகச் சிறுநீரோடு போய்விடும் மருந்து உடலிலேயே தங்கிவிடும். எனலாபிரில், லொசாட்டன் போன்ற குளிசைகள் பொட்டாசியத்தைத் தேக்கும். அதற்கு மேல் நாள்தோறும் இளநீரும் கீரைச் சாறும் குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். “உடம்புக்குக் குளிர்ச்சி” என்று அன்போடு கொடுப்பார்கள்.

சட்டத்திலும் இரண்டு வீடு. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஒரு பக்கம். 2015ஆம் ஆண்டின் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் மறுபக்கம். 1929இல் கொழும்பில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதமும் சித்தமும் யூனானியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1984இல் சித்த மருத்துவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அங்கிருந்து பட்டம் பெற்று வருபவர்கள் இன்று வன்னியிலும் கடமையாற்றுகிறார்கள். படித்த அந்தப் பிள்ளைகள் மீது எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் ஒரே நோயாளி காலையில் அரச வைத்தியசாலைக் கிளினிக்கிலும் பின்னேரம் சித்த மருந்தகத்திலும் நிற்கிறார். உம்மாவின் கிளினிக் கொப்பியைப் பல தடவை புரட்டியிருக்கிறேன். பிரஷர், சீனி, நிறை, குளிசையின் பெயர், அடுத்த திகதி எல்லாம் இருக்கும். கசாயத்துக்கு அதில் ஒரு வரி இல்லை. கசாயம் குடிப்பதாகச் சொன்னால் ஏசுவார்கள் என்ற பயமும் கிழவிகளுக்கு உண்டு. ஏசும் டொக்டர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஏச்சுக்குப் பயந்து மறைத்த கோப்பை எத்தனை உயிரை எடுத்தது என்று எந்த ஏட்டிலும் பதிவிருக்காது.

1998க்குப் பிறகு உம்மா ஒரு வேலை செய்தார். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், தான் குடிப்பது எல்லாவற்றையும் என்னைக் கொண்டு எழுதுவித்தார். பாவற்காய், கொத்தலஹிம்புட்டு, கருஞ்சீரகம், வெந்தயம். கருஞ்சீரகத்தை எழுத முதலில் விடவில்லை. சுன்னத்தான பொருளை டொக்டர் நிப்பாட்டச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அதுவும் சீனியையும் பிரஷரையும் குறைக்கும், சில குளிசைகளின் அளவை மாற்றும் என்பதால்தான் எழுதவேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்த டொக்டர் ஒன்றையும் நிப்பாட்டவில்லை. பாவற்காய்ச் சாற்றைக் கறியாக்கச் சொன்னார், கிளிபென்கிளமைட்டைப் பாதியாக்கினார், நோன்புக்கு முன் தன்னிடம் வரச் சொன்னார்.

மீள்குடியேற்றம் தொடங்கிய பின் 2011இல் உம்மாவை நீராவிப்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல் நாலைந்தும், தூர்ந்த கிணறும். வேலியோரத்துப் பற்றைக்குள் ஒரு கொடி படர்ந்திருந்தது. உம்மா இலையைக் கசக்கி மணந்து பார்த்தார். “பெருமருந்து. வாப்பா நட்டது” என்றார். கூட வந்திருந்த உறவுக்காரப் பிள்ளையொருவர், தன் மாமாவுக்குச் சிறுநீரக வருத்தம், கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு போகவா என்று கேட்டார்.

உம்மா கொடியை விட்டுக் கையெடுக்கவில்லை.

“மாமா கிளினிக்குக்குப் போறவரா?”

“ஓம் மாமி, வவுனியாவுக்கு.”

“அப்ப இது வேணாம் மகள். இத வாப்பா பாம்பு கடிச்சாக்களுக்குத்தான் குடுத்தவர். அதுவும் ஒரு நாளைக்கு. மத்ததுக்குக் குடுக்கேல்ல.”

ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்டது. கொப்பியில் எழுதியிருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, உம்மா கிணற்றடிப் பக்கம் நடந்தார்.